யாருக்கோ வந்த பதில்

"கதவைத் தட்டி யாரும் பதில் சொல்லலைன்னா, உள்ள ஆள் இல்லைன்னு அர்த்தமா, இல்ல நம்மகூட பேசப் பிடிக்கலைன்னு அர்த்தமாம்மா?" என்று என் மகள் யுஸ்ர் ஆறு வயதில் ஒருமுறை கேட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோன தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். "தூங்கியிருப்பாங்க, அப்புறம் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. பதில் வந்துவிட்டால் கவலையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் அலுவலகம். சுற்று வட்டார மருத்துவ நிலையங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சின்ன நிறுவனம். அந்த ரமலானில் நான் ஒரு கருவி எழுதிக்கொண்டிருந்தேன். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு முகவரியைத் தட்டினால், அந்த முகவரிக்கு நொடிக்கு ஒரு சிறு பாக்கெட்டை, அதாவது ஒரு துளித் தகவலை, அனுப்பும். பதில் வந்தால் எத்தனை மில்லிநொடி என்று எழுதும். வராவிட்டால் வழியிலுள்ள ஒவ்வொரு இணைப்புப் பெட்டியாகத் தட்டிப் பார்த்து, எதுவரை உயிர் இருக்கிறது என்று சொல்லும்.

அது தேவைப்பட்டது கெர்கென்னா தீவுக்காக. அங்கே எக்ஸ்ரே எடுப்பவர் ஷெத்லி. படத்தை அவர் அனுப்ப, இங்கே மருத்துவர் பார்த்துச் சொல்வார். நோன்பு தொடங்கியதிலிருந்து தினமும் பதினொரு மணி வாக்கில் லைன் போகிறது என்றார் ஷெத்லி. லைனில் குறையே இல்லை, அவர்தான் ஒயரைப் பிடுங்குகிறார் என்றார் எங்கள் மேலாளர் லஸாத். வியாழக்கிழமை சுகாதாரத் துறையோடு கூட்டம். லைன் சரி என்று தெரிந்தால், ஆளுக்கு இயக்கத் தெரியவில்லை என்று எழுதி, இயந்திரத்தை அங்கிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் கை முறிந்த குழந்தைகூடக் கப்பல் ஏறித்தான் வர வேண்டும்.

வீட்டில் என் மடிக்கணினியில் கருவி ஒழுங்காக ஓடியது. இல்லாத முகவரியைக் கொடுத்தால் "மௌனம்" என்று எழுதியது. அலுவலக சர்வரில் ஏற்றியதும் கிறுக்குப் பிடித்துவிட்டது. நாற்பது மில்லிநொடி, அடுத்தது எழுநூறு, மறுபடி நாற்பது. கடிகாரக் கணக்கில் பிழை என்று நினைத்து அந்தப் பகுதியை மூன்று முறை அழித்து எழுதினேன். நாக்கு வறண்டு, கண் எரிந்து, ஒரு வரியைத் திருத்தினால் இன்னொரு வரி பல்லைக் காட்டியது. தொழுகையில் நிற்கும்போதும் மனசுக்குள் அந்த எண்களே ஓடின. அதற்காக இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன், இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எண்கள் வந்தன.

ஆனால் ஒன்று மட்டும் உறுதியாக இருந்தது. நூறு அனுப்பினால் நூறுக்கும் பதில் வந்தது. திங்கட்கிழமை லஸாத் கேட்டபோது அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்: லைனில் இழப்பு இல்லை.

புதன்கிழமை பதினொன்றுக்கு ஷெத்லி கூப்பிட்டார்.

"தங்கச்சி, இப்பப் போயிடுச்சு. இந்த நிமிஷம்."

திரையைப் பார்த்தேன். பதில், பதில், பதில்.

"போகலண்ணே. எனக்கு முன்னால ஓடிக்கிட்டு இருக்கு. உங்க பக்கம் ஏதாவது கழண்டிருக்கும், பாருங்க."

"நாலு தடவை பாத்துட்டேம்மா."

"அஞ்சாவது தடவை பாருங்களேன்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. "சரி. நோன்பு வயிறு, உனக்கும் தலைவலியா இருக்கும். ஒண்ணு பண்றேன். இந்த லைன் பெட்டியவே அணைச்சுடறேன். லைட்டெல்லாம் போயிடுச்சு. இப்ப உன் மெஷின் என்ன சொல்லுது?"

பதில், நாற்பத்தொரு மில்லிநொடி. பதில், எழுநூற்றிரண்டு. அணைந்துபோன பெட்டி பேசிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நிஜமா அணைச்சுட்டீங்களா?"

"ஒயரையே கையில வச்சிருக்கேன்மா. வேணும்னா ஆட்டிக் காட்டட்டுமா, உனக்குத் தெரியவா போகுது."

அடுத்த மேசை மோங்கி நாற்காலியோடு உருண்டு வந்தான். "செத்தவன் பேசுறானா? ரமலான்ல ஷைத்தானக் கட்டிப் போட்டிருப்பாங்கன்னு சொன்னாங்களே."

"வாயை மூடு மோங்கி. இது யாரோட பதில்னு தெரியல."

சிரிப்பு நின்று, மெதுவாகத் தன் திரையின் மூலையைப் பார்த்தான். அவனுக்கு ஒரு பழக்கம், எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு உண்டு. காலையில் வந்ததும் அதே சர்வரில் நுழைந்து, தீவுக்கு லைனைக் கடத்தும் எங்கள் துறைமுகக் கோபுரத்துக்கு, என் கருவி போலவே தட்டிப் பார்க்கும் பிங் ஒன்றை ஓடவிட்டு, ஜன்னலைச் சுருக்கி மூலையில் வைத்துவிடுவான். சிலருக்கு வானொலி பாடிக்கொண்டே இருக்க வேண்டுமே, அது போல. மூன்று மாதமாக ஒரு நாளும் அதை விட்டதில்லை.

"நஸீஹா, இத நிறுத்தட்டுமா?" என்றான்.

நிறுத்தினான். என் திரையில் அடுத்த வரி: மௌனம்.

சர்வருக்கு வரும் எல்லாப் பதிலும், கேட்டவர் யாராக இருந்தாலும், என் கருவியின் காதிலும் விழும். உறையில் யார் பெயர் என்று பார்த்துப் பிரிக்க வேண்டியது என் வேலை. நான் பார்க்கவில்லை. மோங்கிக்கு வந்த கடிதங்களை எல்லாம் என்னுடையவை என்று எண்ணியிருந்தேன். வீட்டில் மோங்கி இல்லை, அதனால் அங்கே பிழையும் இல்லை.

"நீங்க சொன்னது சரிண்ணே. தப்பு என்னோடது" என்றேன் போனில்.

"அதனால என்ன. ஒயரச் சொருகட்டுமா?" என்றார் ஷெத்லி.

பாக்கெட்டில் என் அடையாள எண்ணை எழுதி, திரும்பி வரும்போது எண்ணையும் அனுப்பியவரையும் சரிபார்க்க ஒன்பது வரிகள் போதும். எழுதி ஓட்டினேன். அவர் ஒயரைச் சொருகியும் பதினொன்றரை வரை தீவு மௌனம். துறைமுகக் கோபுரம்வரை உயிர் இருந்தது, அதற்கப்பால் இல்லை. மோங்கி மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். ரமலான் நேர மாற்றத்தில் தீவுக் கப்பல் பதினொன்று முதல் அரை மணி நேரம் எங்கள் கோபுரத்துக்கு நேரே நிற்கிறது. நாங்கள் வைத்த ஆன்டெனா தாழ்வு. கப்பலின் மேல்தளம் அதை மறைத்துவிடுகிறது.

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்டெனாவை மூன்று மீட்டர் உயர்த்துவது, எக்ஸ்ரே இயந்திரம் தீவிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. வந்தவர்கள் கருவியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அது முள்ளாக இருந்தது.

வெளியே வரும்போது லஸாத்திடம் கேட்டேன்: "சார், திங்கக்கிழமை நான் கொடுத்த காகிதம் என்னாச்சு?"

"அதுவா, அன்னிக்கே துறைக்கு அனுப்பியாச்சு. அத வச்சு அந்த ஆளோட பணிக் கோப்புல ஒரு குறிப்பு போட்டாங்களாம். இயந்திரத்தைக் கையாளத் தெரியாதவர்னு."

"இப்ப எடுத்துடுவாங்கள்ல?"

"யாரும்மா கோப்பப் புரட்டிப் பாக்கப் போறா? அவருக்கே தெரியாது. கிளறினா நம்ம பேருதான் கெடும், விட்டுடு."

அவருக்குத் தெரியாது என்பதுதான் என்னை விடவில்லை. தெரிந்தால் அவர் என்னை ஏசியிருக்கலாம், ஏசி மன்னித்திருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குப் போனபின் உட்கார்ந்து எழுதினேன். பிழையான அறிக்கை என்னுடையது, அதை எழுதியவள் பதில்களின் அடையாளத்தைச் சரிபார்க்கத் தவறினாள், குற்றமற்ற ஒருவர் மேல் பழி விழுந்தது, அந்தக் குறிப்பை நீக்கி, வேண்டுமானால் இந்தக் கடிதத்தை என் பெயரில் கோப்பிட்டுக்கொள்ளுங்கள். முழுப்பெயர் எழுதிக் கையெழுத்திட்டேன். தெருமுனைத் தபால்பெட்டியில் போடும்போது அங்கே ஒரு பூனைகூட இல்லை.

பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில் ஒற்றை வரிப் பதில் வந்தது: குறிப்பு நீக்கப்பட்டது, தங்கள் கடிதம் பெறப்பட்டது. உறையில் என் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஷெத்லிதான். பிரிண்டர் காகிதத்தை மெல்லுகிறது என்று பத்து நிமிடம் புலம்பினார். கடிதத்தை நாலாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, "பின்பக்க மூடியத் திறங்கண்ணே, சொல்றேன்" என்றேன்.