அக்கா சொருகிய கரண்டி

பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்துக்கு இன்று புது மூடி வந்தது. மூடியைத் தூக்கினால் இயந்திரம் நின்றுவிடும். பழைய மூடியும் அப்படித்தான். ஆனால் ஓடும்போதே மாவு சேர்க்க வேண்டும் என்பதால், மூடி அழுத்த வேண்டிய சுவிட்சின் இடுக்கில் ஒரு கரண்டியைச் சொருகிவிட்டுத் திறந்த வாக்கில் ஓட்டுவது அங்கே வழக்கம். அந்தக் கரண்டி அக்கா எங்கள் அறையிலிருந்து கொண்டுபோனது. "மூடியிலயே மாவு போட ஒரு வாய் வெச்சுக் கொடுங்க" என்று அவள் பலமுறை கேட்டாள். "பார்க்கலாம்" என்றார்கள். போன மாதம் அவள் சட்டைக் கை சிக்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. செருப்பும் கரண்டியும் ஒரு பையில் வந்தன. அவள் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

புது மூடியில் வாய் இருக்கிறது.

"இனிமே யாருக்கும் பயம் இல்ல" என்றார் சூப்பர்வைசர்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று அடுப்புக்காரர் முணுமுணுத்தார். அன்று அக்காவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியவர் அவர்தான்.

மதியத்துக்குள் அந்தச் சின்ன வாயில் மாவு அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்தேன், இயந்திரம் நின்றது. சுத்தம் செய்து ஓட்டினேன், மறுபடி அடைத்தது. சூடேறிய அடுப்பு காலியாகக் கிடந்தது.

"ஏம்மா, நீ ஆமையைக் கட்டியா மாவு பிசையுற?" என்றார் அடுப்புக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கக்கா கரண்டி வீட்லதானே இருக்கு? நாளைக்குக் கொண்டு வா. பார்த்துப் பதமா ஓட்டிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. நான் சரியாகத்தான் கேட்டேனா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

"முடியாது, அண்ணே."

"அடேங்கப்பா! முதலாளியம்மா சொல்லிட்டாங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க!"

சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

மாலை வகுப்பு முடிந்து வந்து இதை வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவின் கட்டில்மேல் என் புத்தகங்கள் கிடக்கின்றன. கரண்டியின் காம்பு வளைந்திருக்கிறது. நிமிர்த்திப் பார்த்தேன், நிமிரவில்லை. அதை ஒளித்து வைத்தும் பயனில்லை. கரண்டிக்கா பஞ்சம்? நாளை அவரே ஒன்று கொண்டுவருவார். அவருக்கு முன்னால் போய் அந்த இடுக்கை மறைத்து நான் நிற்க வேண்டும்.

இன்று சொன்னபோது என் குரல் நடுங்கியது. அறையில் வேறு யாரும் இல்லாததால், சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.

"முடியாது, அண்ணே."