பத்திரமாக வைத்திருந்த பூட்ஸ்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கனாயே கடைவாசலில் குவிந்திருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, கேபிள் கார் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த குவாபாரா நின்று வானத்தைப் பார்த்தார். மலைமேல் மீட்புக் குழுவில் இருபது வருஷமாக இருக்கிற மனிதர். அவர் அண்ணாந்து பார்த்தால் ஊரில் யாரும் சும்மா கடந்துபோவதில்லை. இரண்டு நாள் விடாமல் கொட்டிய வானம், விடிந்ததும் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. காற்று என்று பேருக்குக்கூட இல்லை. நல்ல நாள்தான் போலிருக்கிறதே என்றாள் கனாயே.

“அதான் பிடிக்கல,” என்றார் அவர். “ரெண்டு மணிக்கு மேல வடக்குக் காத்து எறங்கும். பின்பக்கம் போறவங்க அதுக்குள்ள திரும்பிட்டா நல்லது.”

பின்பக்கம் என்றால் மலையின் பின்பக்கம். கேபிள் கார் போய்ச் சேரும் உச்சியில் ஒரு இரும்புக் கேட் இருக்கிறது. அங்கே சீட்டில் பெயரையும் போகிற வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனால் லிஃப்ட் கிடையாது, கட்டிவைத்த பாதை கிடையாது. பனியில் கால் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் அகலமான பனித் தட்டைக் கட்டிக்கொண்டு, சறுக்குப் பலகையை முதுகில் சுமந்து ஏறவேண்டும். யார் காலும் படாத பனியில் சறுக்கி இறங்கவேண்டும். பிறகு மறுபடி நடந்தே கேட்டுக்கு வரவேண்டும். அந்தப் பக்கத்தில் மனிதனுக்கு இருப்பது அவன் கால் மட்டும்தான். கனாயே பூட்ஸ் கடையில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கடை திறந்து ஐந்து நிமிஷத்தில் முராகோஷி வந்தார். தகாசாகியிலிருந்து நாலு மணிக்கே கிளம்பி வந்திருக்கிறார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயதிருக்கும். கூடவே மகள் சுஸுனா. கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்து இடம் கிடைத்த தெம்பு முகத்தில் தெரிந்தது. முராகோஷி முதல் காரியமாகப் பைக்குள்ளிருந்து பூப்போட்ட தாள் சுற்றிய இனிப்பு டப்பாவை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கல்லாவில் வைத்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தன் மனைவியோடு இங்கே வந்ததாகவும், கனாயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தன் காலுக்கு பூட்ஸ் பொருத்திக் கொடுத்ததாகவும் சொன்னார். அவளுக்கு நினைவில்லை. நினைவிருப்பதுபோலத் தலையாட்டினாள்; கடையில் நிற்பவள் அப்படித்தான் ஆட்டவேண்டும். மனைவி போய் எட்டு வருஷமாகிறது என்று அவர் சொன்னபோது இனிப்பு டப்பாவைப் பார்த்துக் குனிந்து வருத்தம் தெரிவித்தாள்.

பூட்ஸ் வாங்குவது மகளுக்குத்தான். சுஸுனா வந்ததும் ஊதா நிறத்தில் ஒன்றைத் தூக்கி மாட்டிக்கொண்டு, மெத்தைக்குள் கால் விட்ட மாதிரி இருக்கிறது, இதுவே போதும் என்றாள். எல்லாரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடையில் இதமாக இருக்கிற பூட்ஸ் மலையில் கழுத்தறுக்கும். கனாயே மண்டியிட்டு உட்கார்ந்து அந்தப் பெண்ணின் காலை அளந்தாள். சரியாக இருபத்துநாலு சென்டிமீட்டர். போட்டிருந்த ஊதா பூட்ஸோ இருபத்தைந்தரை. முழங்காலை மடக்கச் சொன்னாள். குதிகால் உள்ளே எழும்பியது. எழும்பினால் பலகை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும்.

அடுத்ததாக ஒரு கறுப்பு பூட்ஸை எடுத்தாள். சுஸுனா போட்டிருந்த இரண்டு ஜோடி காலுறையில் ஒன்றைக் கழற்றவைத்தாள். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, உள் உறையின் கயிற்றை முதலில் இழுத்து, பிறகுதான் வெளிக் கயிற்றைக் கட்டினாள். நேராக நின்றால் விரல் முன்பக்கம் தொடவேண்டும், முழங்காலை மடக்கினால் தொடாமல் விலகவேண்டும். விலகியது. கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். பிடிப்பு சரியாக இருந்தது. பத்து நிமிஷம் கடைக்குள்ளேயே நடக்கவிட்டாள். முதல் மூன்று நிமிஷம் சுஸுனா முகத்தைச் சுளித்தாள். அப்புறம் மறந்துபோய்க் கையுறை பார்க்க ஆரம்பித்தாள். மறந்துபோனால் பொருந்திவிட்டது என்று கணக்கு. அவள் நடந்த இடமெல்லாம் ஈரத் தரையில் சின்னச் சின்ன நட்சத்திர அச்சு விழுந்திருந்தது. அந்த பூட்ஸின் அடியில் அப்படி ஒரு வார்ப்பு. கனாயேவுக்குக் காலையிலேயே ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்த திருப்தி வந்தது.

அப்போதுதான் முராகோஷி தன் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறை, வாய் ஒட்டுநாடாவால் இறுக்கி மூடியிருந்தது. மனைவி கையால் மூடியது என்றார். இங்கே வாங்கிய தன் பூட்ஸ்தான், அந்த வருஷம் ஒரே ஒரு நாள் போட்டது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி என்று போயிற்று. இவள் தேர்வில் தேறினால் மூன்று பேருமாகப் பின்பக்கம் போவது என்று அந்தக் காலத்திலேயே பேசிவைத்திருந்தார்களாம். இத்தனை வருஷத்தில் தன் கால் கொஞ்சம் அகன்றுவிட்டது, உள் உறையை மட்டும் சூடாக்கி மறுபடி காலுக்கு வார்த்துத் தரவேண்டும், இன்றைக்கே போகிறோம் என்றார். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். பூட்ஸ் நேற்று வாங்கியதுபோலப் பளபளத்தது. நாக்கின் உள்பக்கம் மாட்டியிருந்த அட்டையில் இருபத்தேழரை என்று எழுதியிருந்தது கனாயேவின் கையெழுத்து.

அவள் பூட்ஸைத் திருப்பி அடியைப் பார்த்தாள். பூட்ஸின் அடியில் மெத்தென்று ஒரு பொருள் வைத்து ஒட்டியிருப்பார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் ஐந்தாறு வருஷத்தில் ஈரம் அதை உள்ளுக்குள் தின்றுவிடும். இந்த ஊரின் ஈரக் கோடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காற்றோட்டமாக மாட்டிவைத்தாலாவது கொஞ்சம் தாங்கும். பிளாஸ்டிக்கில் சுற்றி மூடினால், உள்ளே இருக்கிற ஈரத்துக்கு விருந்து வைத்த மாதிரி. எவ்வளவு அக்கறையாக வைத்தார்களோ அவ்வளவு சீக்கிரம் அது கெட்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. நடக்கும்போது ஒரு நாள் அடி மொத்தமாகக் கழன்று விழும்.

கட்டைவிரலால் ஸோலின் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். தாங்கியது. குதிகால் பக்கம் அழுத்தினாள். லேசாக அமுங்கியதுபோலவும் இருந்தது, அமுங்காததுபோலவும் இருந்தது.

போன மாதம் ஒருவன் கடையைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தான். அங்கே இருக்கிற பெண்மணி பயமுறுத்தியே புதுசு விற்கிறாள் என்று. முதலாளி அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் அச்செடுத்து, பின்னறையில் தேநீர்க் குடுவைக்கு மேலே குத்திவைத்தார், அவ்வளவுதான். தினம் தேநீர் ஊற்றும்போது அவள் அதைப் படித்தாகவேண்டும். திட்டியிருந்தால்கூட ஒரு நாளில் போயிருக்கும்.

“கொஞ்சம் பழசாச்சே சார்,” என்றாள். “வாடகைக்கு நல்லதா ஒண்ணு இருக்கு. இன்னிக்கு ஒரு நாளைக்கு வேணும்னா...”

“நானும்தான் பழசாயிட்டேன்,” என்று சிரித்தார் முராகோஷி. “என்னை யாரும் வாடகைக்கு மாத்தலியே.” பிறகு பூட்ஸின் மேல் கையை வைத்து, மனைவி தேர்ந்தெடுத்தது என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மேல் என்ன பேசுவது. இறந்துபோன மனைவி மூடிவைத்ததை உங்களுக்கு முன்னால் வளைத்து உடைத்துக் காட்டட்டுமா என்றா கேட்பது? கல்லாவில் இனிப்பு டப்பா இருந்தது. கனாயே உள் உறையை உருவி எடுத்துச் சூடாக்கும் குழாயில் மாட்டினாள். சூடானதும் பூட்ஸுக்குள் போட்டு, அவரைப் போடவைத்து, பூட்ஸ் கயிற்றைக் கட்டி, அசையாமல் பத்து நிமிஷம் ரப்பர் விரிப்பின் மேல் நிற்கவைத்தாள். அவர் அந்தப் பத்து நிமிஷமும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கதகதப்பாக இருக்கிறது என்றார். சுஸுனா தன் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கனாயேவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அப்பா பூட்ஸ் ஒண்ணும் ஆகாதுல்ல?”

நேரான கேள்வி. பெரியவர்கள் யாரும் இந்தக் கடையில் அப்படிக் கேட்பதில்லை. முராகோஷி கண்ணைத் திறந்தார். ‘ஆகும், இதைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டாதீர்கள்’ என்பது கனாயேவின் நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கினாள்.

“அப்பா ரொம்ப நல்லா பாத்து வெச்சிருக்காரும்மா,” என்றாள்.

பொய் இல்லை. பதிலும் இல்லை. ஆனால் அந்தப் பெண் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது. இருவரும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கனாயே வழக்கப்படி வாசலில் நின்று, அவர்கள் தெருமுனை திரும்பும்வரை குனிந்தே இருந்தாள். அவர்கள் போகும்போது கூரையிலிருந்து ஒரு பாளம் பனி தொப்பென்று பின்னால் விழுந்தது.

சனிக்கிழமைக் கூட்டம். தலை நிமிர நேரமில்லை. பன்னிரண்டு மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் மணி அடித்தபோதுதான் அவள் வானத்தைப் பார்த்தாள். நீலம் அப்படியே இருந்தது. வடக்கே மலை விளிம்பில் மட்டும் பால் கொட்டிய மாதிரி ஒரு கோடு. ஒரு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் விரிப்புகளைத் தட்டப் போனாள். முராகோஷி நின்ற விரிப்பைத் தூக்கினாள். கறுப்பு ரப்பரில் கறுப்பு நிறத்திலேயே என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தாள். நகம் அளவு துண்டு. ஒரு பக்கம் ஸோலின் வரி. மறுபக்கம் பிசுபிசுப்பு. இரண்டு விரலால் அழுத்தியதும் கருவாட்டுத் தூள்போல உதிர்ந்தது. விரிப்பில் இன்னும் நாலைந்து துண்டு இருந்தது. வெறுமனே நின்றதற்கே இவ்வளவு.

காலையில் முராகோஷியிடம் எழுதி வாங்கிய எண்ணுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலைமேல் மீட்புக் குழுவின் எண்ணைக் கூப்பிட்டாள். குவாபாராதான் எடுத்தார். அவள் எங்கெங்கோ சுற்றிவளைத்துப் பேசினாள். மன்னிக்கவேண்டும் என்றாள், வேலை நேரத்தில் தொந்தரவு என்றாள், ஒருவேளை ஒன்றுமில்லாமல்கூட இருக்கலாம் என்றாள். நடுவில் அவர் குறுக்கிட்டார்.

“கனாயே, விஷயத்தைச் சொல்லு.”

சொன்னாள். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். சீட்டில் திரும்பும் நேரம் ஒன்றரை என்று எழுதியிருக்கிறது என்றார்.

முதலாளியிடம் போய் மலைக்குப் போகவேண்டும் என்றாள். அவர் அவளுடைய உள்ளங்கையில் இருந்த தூளைப் பார்த்தார், பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், தலையை அசைத்தார். கேபிள் கார் பன்னிரண்டு நிமிஷம் எடுத்தது. பாதி வழியில் பெட்டி ஆட ஆரம்பித்தது. காலையிலிருந்து இல்லாத காற்று. இரண்டு மணிக்கு மேல்தான் என்று குவாபாரா சொல்லியிருந்தாரே, இன்னும் ஒன்றே முக்கால்தானே ஆகிறது என்று யாரோடோ வாதாடுவதுபோல மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்குப் பின்பக்கம் போனவர்கள் ஐந்தே பேர். மூன்று பேர் அப்போதுதான் திரும்பிக் கேட்டருகே தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். குவாபாரா அவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை வாக்கில் பூர்ஜ மரக் காட்டுக்குக் கீழே அப்பாவையும் மகளையும் பார்த்தார்களாம். அவர் பனியில் உட்கார்ந்து பூட்ஸைச் சுற்றி ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீங்க போங்கன்னு சிரிச்சாரு,” என்றான் அவர்களில் ஒருவன். “உக்காந்தபடியே குனிஞ்சு கும்பிட்டாரு. அதான் நாங்க வந்துட்டோம்.”

முராகோஷியும் கனாயேவைப் போலத்தான். நல்ல வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறார். குவாபாரா தன் ஆட்கள் இரண்டு பேரோடு கயிறும், அடிபட்டவரைக் கிடத்திப் பனியில் இழுக்கும் படகும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி இறங்கினார். கொஞ்ச தூரத்தில் அவர்கள் முதுகு வெள்ளையில் கரைந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஐம்பது அடி வரை பனி இறுகிக் கிடந்தது. அதற்கப்புறம்தான் எல்லாரும் தட்டைக் கட்டிக்கொள்வார்கள். அதுவரைக்கும் வெறும் பூட்ஸ் தடம். கனாயே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவளே பொருத்திவிட்ட பூட்ஸ், தேடவேண்டிய அவசியமில்லை. நட்சத்திரம் நட்சத்திரமாக, ஒவ்வொரு முனையும் கூர்மையாகப் பதிந்து போயிருந்தது. அதையொட்டியே இன்னொரு ஜோடித் தடம். முதல் சில அடிகளில் வரி இருந்தது. பிறகு பாதி வரி. பிறகு வெறும் வழவழப்பு, கையால் தடவிவிட்ட மாதிரி. ஓரிடத்தில் பிறை வடிவத்தில் கறுப்பாக என்னவோ கிடந்தது. அந்தப் பெண் அப்பாவை ஒட்டியே நடந்திருக்கிறாள், இரண்டு தடங்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி இல்லை.

காற்று தரையோடு தரையாக மாவுபோலப் பனியை வாரிக்கொண்டு வந்தது. ஆழமில்லாத வழவழப்புத் தடங்கள்தான் முதலில் மூடின. ஒன்று, இரண்டு, நாலு. கனாயே பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் மறைந்து, நட்சத்திரத் தடங்கள் மட்டும் தனியாகச் சரிவுப் பக்கம் போயின.