ஃபோல்டருக்குப் போட்ட பிள்ளையார் சுழி

கோமதியம்மாள் புதிதாக எதைத் தொடங்கினாலும் அதன் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிடுவாள். மளிகைச் சீட்டு, கேஸ் மாற்றிய நாளைக் குறிக்கும் காலண்டர் மூலை, மகள் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோன பெட்டியின் உள்மூடி, எல்லாவற்றிலும் அந்த ‘உ’ இருக்கும். போடுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கை போட்டுவிடும்.

அன்று அவள் தொடங்கியது ஒரு வேலை. கல்யாணமாகி மலையாள தேசத்து வலியசாலைக்கு வந்த பிறகு அவளுக்கென்று அமையவிருந்த முதல் வேலை. கழக்கூட்டம் பகுதியில் ஓர் அலுவலகம் தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளைத் தயாரித்துக் கொடுத்தது. பேசுவதைக் கேட்டு அவள் தட்டச்சு செய்ய வேண்டும். எந்த வரி எந்த நொடியில் வர வேண்டும் என்பதை ஒரு மென்பொருள் கருவி பொருத்திவிடும். சோதனைக்கு ஒரு நேர்காணல் அனுப்பியிருந்தார்கள். மாலைக்குள் முடித்து அனுப்பினால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் அடுத்து நிற்பவருக்கு. தெருவில் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

அந்தக் கருவிக்குப் பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால்தான் அசையும். முந்தின நாள் அந்த அலுவலகத்து ஜெஸி, பாறசாலைக்காரப் பெண், போனில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, மகளின் பள்ளிக்கூடக் காலத்து, விண்டோஸுக்குப் பதில் உபுண்டு ஓடும் லேப்டாப்பில் கோமதியம்மாள் அதை நிறுவியிருந்தாள். ‘வசனம்’ என்ற ஃபோல்டருக்குள் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்து ஓடவும் செய்தது.

இன்று தட்டச்சு மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. ஃபோல்டருக்குள் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டினாள். இன்டர்ப்ரெட்டர் சரியில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடி தட்டினாள். அதே வரி.

ஜெஸியைக் கூப்பிட்டாள்.

“நேத்தைக்கு ஓடிச்சுல்லா சேச்சி? பின்ன எதையாவது மாத்துனீங்களா?”

“ஒண்ணையும் தொடலியே.”

ஜெஸி பொறுமையாக விளக்கினாள். கருவி தானாக நடக்காது. பைத்தான் என்று இன்னொன்று அதை வாசித்து நடத்த வேண்டும். அதைத்தான் இன்டர்ப்ரெட்டர் என்பது. அதுவும் நேற்று அந்த ‘வசனம்’ ஃபோல்டருக்குள்ளேயேதான் வந்து உட்கார்ந்தது. பைத்தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு விலாசத்தையும் நிறுவும்போதே கருவியின் முதல் வரியில் எழுதி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த விலாசம் தானாக மாறாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது, முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

சாலை பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் கணவர் நெல்லையப்பன் சாப்பிட வந்தார். மனைவி பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் இலையில் சோறு விழுந்ததும் மோர் வந்தது.

“கொழம்பு எங்க போச்சு? என்ன சங்கதி?”

சொன்னாள். அவர் மோர்சோற்றையே பிசைந்தார். “கடைக்கு ஒருத்தன் வருவான். சொவத்துல தண்ணி எறங்குதும்பான். எந்தச் சொவருன்னு கேட்டா முழிப்பான். நீ அந்த வரிய முழுசா வாசிச்சியா?”

அவள் வாசித்திருக்கவில்லை. கடைசியில் இருந்த ‘கோப்பே இல்லை’ என்ற திட்டை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது முதலிலிருந்து, ஒவ்வொரு சாய்கோடாக வாசித்தாள். ஹோம், கோமதி, வசனம். பக்கத்தில் திறந்திருந்த ஃபோல்டரின் பெயரைப் பார்த்தாள். ‘உ-வசனம்’.

அவர் கைகழுவிவிட்டு வந்தபோதும் அந்தப் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தான்,” என்றாள். காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாகப் ஃபோல்டர் பெயரின் முன்னால் அந்த ‘உ’வைச் சேர்த்திருந்தாள். கருவி பழைய விலாசத்தில் போய்த் தட்டிக்கொண்டிருக்கிறது.

“பிள்ளையாரு கெடுத்துட்டாரோ?” நெல்லையப்பன் சிரித்தார். “அழிச்சிரு. தீந்துது.”

அழித்தால் தீரும் என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கிறாளே தவிர, தலையில் இருக்கும் சுழியை மட்டும் அவள் ஒருநாளும் அழித்ததில்லை. முதல் வேலையில் அதைத் தொடங்க வேண்டுமா? யோசிக்க யோசிக்க வேறொன்று தெளிந்தது. சுழியை வெறுந்தாளில் போட வேண்டும். அவள் நேற்றே எல்லாவற்றையும் நிறுவி முடித்துவிட்டு, இன்று மேலே இடுக்கியிருக்கிறாள். பிசகு அங்கேதான்.

தட்டச்சு செய்ததைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கருவி இருந்த உள்ஃபோல்டரை நீக்கினாள். சுழி போட்ட ஃபோல்டருக்குள்ளேயே, ஜெஸி நேற்றுச் சொன்ன கட்டளைகளை முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள். பதிவிறக்கம் பாதியில் திணறி நின்றது. வெளியே வானம் கறுத்திருந்தது. மழை வந்தால் அந்தத் தெருவில் கரன்ட் போகும். கரன்ட் போனால் நெட்டும் போகும். நெல்லையப்பன் கடைக்குக் கிளம்பாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஜெஸி கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும், “பேர பழையபடி ஆக்குனா போதும் சேச்சி. ஒரு செகண்டு,” என்றாள்.

“வேண்டாம்மா. புதுசாவே போட்டுக்கிட்டிருக்கேன்.”

“நெட்டு போச்சுன்னா?”

“போவாது.”

எந்தத் தைரியத்தில் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெஸியும் போனை வைக்கவில்லை. திரையில் கோடு மெல்ல நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து முடிந்தது. கருவியின் முதல் வரியைத் திறந்து பார்த்தாள். நீண்ட விலாசத்தின் நடுவில் அந்த ‘உ’ உட்கார்ந்திருந்தது. கட்டளையைத் தட்டினாள். வரிகள் ஒவ்வொன்றாய்த் தம் நொடிகளில் போய் நின்றன.

கோயிலில் மாலை மணி அடிக்குமுன் அனுப்பிவிட்டாள். மழை அதன்பிறகுதான் வந்தது, கரன்டையும் கொண்டுபோனது. சற்று நேரத்தில் ஜெஸியே கூப்பிட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம், நாளைக்கு அடுத்தது வருமாம்.

“சேச்சி, எனக்க ஃபோல்டருக்கும் அதப் போட்டா என்ன? நான் சர்ச்சுக்காரியாக்கும், கேட்டேளா.”

“தாராளமாப் போடு. ஆனா மொதல்லயே போட்டுரணும்.”

அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு வரலாம் என்று எழுந்தவள், வாசல்வரை போய்த் திரும்பினாள். நாளைக்குச் சொன்னால் போதும். நெல்லையப்பனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டில் மழை பெய்துகொண்டிருந்தது.