கைக்கு மட்டும் மேக்கப்

அழகுபாண்டியை சினிமாவுக்குக் கூப்பிட்டபோது அவன் கோரிப்பாளையத்தில், பிரியாணிக் கடைக்கு மேல் இருந்த தன் அறையில், எருமைக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. நாடகங்களுக்கு இசையமைப்பது அவன் வேலை. வேலை என்று அவன் சொல்வான். வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறு வருடத்தில் ஒன்பது நாடகங்களுக்கு இசையமைத்திருந்தான். அதில் நான்கை மொத்தம் இருநூறு பேர் பார்த்திருக்கலாம். மீதி ஐந்தையும் அதே இருநூறு பேர்தான் பார்த்தார்கள். பத்தாவது நாடகம் முழுக்க முழுக்கப் பாட்டு. மேலூர் பஸ் ஸ்டாண்டு நடுவில் ஓர் எருமை படுத்துக்கொள்கிறது. எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. எந்த பஸ்ஸும் கிளம்ப முடியவில்லை. காத்திருக்கும் ஒவ்வொருவரும் எருமையிடம் போய்த் தங்கள் அவசரத்தைப் பாடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், காலைக் கல்யாணம் முடிந்து காலியானதும், முதல் காட்சி.

போனில் பேசிய பெண் சொன்ன கதை வேறு. "சின்னப் படம் சார். மதுரையில ஒரு இளைஞன், நாடகத்துக்கு மியூசிக் போடுறான், யாருமே கண்டுக்க மாட்டேங்கிறாங்க. முழுக்க பாட்டாவே போகும்."

அழகுபாண்டி எழுந்தே நின்றுவிட்டான். "மியூசிக் நான் பண்ணணுமா மேடம்?"

"இல்ல சார், அதெல்லாம் சென்னையில முடிஞ்சிருச்சு. எங்களுக்கு உங்க கை வேணும்."

"உதவியா?"

"இல்ல சார். கை."

விஷயம் இதுதான். கதாநாயகன் சூர்யபிரகாஷுக்கு ஆர்மோனியம் வாசிக்க வரவில்லை. இரண்டு மாதம் கற்றுக்கொடுத்தும் அவர் அதை இஸ்திரி போடுவது மாதிரிதான் தேய்த்தார். அதனால் முகம் அவருடையது. வாசிக்கும் கை மட்டும் வேறொருவருடையது. கஷ்டப்படும் நாடக இசையமைப்பாளனைப் பற்றிய படத்தில், நிஜமாகவே கஷ்டப்படும் நாடக இசையமைப்பாளனின் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதிக்கு இடம் கிடைத்தது.

அம்மா அன்னக்கொடிக்குப் போன் செய்து சொன்னான். அவள் உசிலம்பட்டிப் பக்கம் பருத்திக் காட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"படத்துல நடிக்கிறியாப்பா!"

"கை மட்டும்மா."

"கையா? ஏன், மூஞ்சிக்கு என்ன கொற? ராசா மாதிரி இருக்க. யாருடா சொன்னது? போனக் குடு அவனுக்கு."

முதல் நாள் படப்பிடிப்பில் மேக்கப் போடுபவர் அழகுபாண்டியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹீரோ கோதுமை நிறம். அழகுபாண்டி கரிசல். முழங்கை வரை மூன்று பூச்சு பூசினார். வேலை முடிந்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவனைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஓங் கைதானா?" என்று கேட்டார்.

நாடகத்தில் பாடும் மைத்ரேயிக்கு அதைச் சொன்னபோது அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். கோபமும் சிரிப்பும் அவளுக்கு ஒரே கதவு வழியாகத்தான் வரும்.

"பாண்டி, ஒன்ன மொத்தமா எடுத்துக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கணும். கைய மட்டும் வெட்டி எடுத்துட்டாங்களே!"

"ஞாயித்துக்கிழம ரெண்டு மணிக்கு விட்டுர்றேன்னு சொல்லியிருக்காங்க. நேரா மேலூர் வாரேன்."

"வரலேன்னா நானே வந்து மிச்சத்தையும் வெட்டிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நகரத்துக்குள் ஒரு கல்லூரியின் அரங்கம். கடைசி நாள் படப்பிடிப்பு. மறுநாள் காலை விமானத்தில் ஹீரோ போய்விடுவார். எடுக்க வேண்டியது படத்தின் உச்சக் காட்சி: நாயகனின் நாடகம் கடைசியில் மேடையேறுகிறது, அரங்கம் நிறைந்து வழிகிறது. அரங்கம் நிறைய முந்நூறு பேருக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று பெரிய முகூர்த்த நாள். முப்பத்தேழு பேர்தான் வந்தார்கள். அதிலும் பாதிப் பேர் மத்தியானக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பவில்லை.

ஒன்றரை மணிக்கு இயக்குநர் அனந்தலக்ஷ்மி காலி நாற்காலிகளைப் பார்த்தபடி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். முதல் படம். மூன்று நாளாகத் தூக்கமில்லை. அழகுபாண்டி தயங்கித் தயங்கி அருகில் போனான்.

"மேடம், நான் கெளம்பணும். மேலூர்ல நாலு மணிக்கு எங்க நாடகம்."

"உன் கை போயிருச்சுன்னா நான் என்னப்பா எடுக்கிறது?" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "நாடகமா? நிஜ நாடகமா? மேடை இருக்கா?"

"இருக்கு மேடம்."

"ஜனம் எவ்வளவு வரும்?"

அறுபது பேர் வந்தால் அதிர்ஷ்டம் என்று அவனுக்குத் தெரியும். வாய் வேறு மாதிரி திறந்தது. "ஐந்நூறு."

இருபது நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிட்டது. இரண்டு வேன், ஒரு கார். காமிராச் சாமான்கள் வேனை அடைத்துக்கொண்டதால், ஆர்மோனியமும் அழகுபாண்டியும், உதவிக்கு வந்திருந்த நாடகக் குழு நண்பர்களும் ஒரு குட்டியானை வண்டியின் பின்பக்கம் ஏறிக்கொண்டார்கள். எருமையாக நடிக்கும் சிவபாண்டியும் அதில் இருந்தான். எருமைத் தலை அவன் மடியில் இருந்தது.

ஆற்றைத் தாண்டி கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி மாட்டியது. நாலா பக்கமும் ஹாரன். மணி இரண்டே கால். அழகுபாண்டிக்குக் கை பரபரத்தது. மேக்கப் கையோடேயே ஆர்மோனியத்தைத் திறந்தான்.

"கடைசியா ஒரு தடவ பாத்துருவோம்டா," என்றான்.

*எந்திரி தாயி எந்திரி,*
*என் பஸ்ஸு நிக்குது எந்திரி!*
*பொண்ணு பாக்கப் போறேன் நான்,*
*பூவு வாடுது எந்திரி!*

சிவபாண்டி எருமைத் தலையை மாட்டிக்கொண்டு முடியாது என்று ஆட்டினான். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். பழக்கடைக்காரர் ஒருவர், "பாய், இன்னொரு தடவ பாடச் சொல்லுங்க" என்று எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார். போக்குவரத்துக் காவலர் விசிலை வாயில் வைத்தபடி வந்தவர், ஊதாமல் தாளம் கேட்டு நின்றார். பிறகு, "பொண்ணு பாக்கத்தான போறீங்க, போங்க போங்க" என்று மற்ற வண்டிகளை நிறுத்தி இவர்களுக்கு வழிவிட்டார். முன்னால் காரின் கண்ணாடி இறங்கியது. சூர்யபிரகாஷ் தலையை முழுசாக வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த கோரிப்பாளையத்துக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வண்டிகள் ஒத்தக்கடையைத் தாண்டும்போது பின்னால் நாற்பது பைக்குகள்.

மேலூர் மண்டபத்து வாசலில் மைத்ரேயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேன்களைப் பார்த்தாள். பைக்குகளைப் பார்த்தாள். சந்தைப்பேட்டையிலிருந்து ஓடிவரும் கூட்டத்தைப் பார்த்தாள்.

"நாடகம் போடச் சொன்னா திருவிழாவையே கூட்டிட்டு வந்திருக்கியே," என்றாள்.

அந்த நேரத்தில்தான் சிவபாண்டி, ஹீரோவோடு செல்ஃபி எடுக்கும் அவசரத்தில், குட்டியானையிலிருந்து தாவினான். தரையைப் பார்க்கவில்லை. கணுக்கால் புஸ்ஸென்று வீங்கிவிட்டது.

எருமை இல்லை. அதைப் பற்றி யோசிக்கக்கூட அழகுபாண்டிக்கு நேரம் கிடைக்கவில்லை. நாடகம் தொடங்கும் முன் தன் காட்சியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அனந்தலக்ஷ்மி கெஞ்சினார். மண்டபத்துக்குள் எழுநூறு பேர். ஜன்னல்களில் நூறு பேர். இதைவிட்டால் இப்படி ஒரு கூட்டம் அவருக்குக் கிடைக்காது.

அவர் கேட்டது ஒரே ஷாட். ஹீரோவின் முகமும் வாசிக்கும் கையும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அதனால் மேடை நடுவில் மேசை, அதன் மேல் ஆர்மோனியம். சூர்யபிரகாஷ் தொளதொள ஜிப்பாவுக்குள் தன் கைகளை முதுகுப் பக்கம் மடக்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள், அழகுபாண்டி முழங்காலிட்டுத் தன் கைகளை ஜிப்பாவின் கைகளுக்குள் விட்டான். அவனுக்கு ஹீரோவின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. கட்டைகளை விரலாலேயே தேடிப் பிடித்தான்.

பாட்டு ஒலிபெருக்கியில் ஓடியது. சென்னையில் பதிவு செய்த, நிறைய வயலின் உள்ள சோகப் பாட்டு. ஹீரோ வாயசைத்தார். கண் கலங்கினார். கூட்டம் விசிலடித்தது. எல்லாம் சரியாகத்தான் போனது, ஹீரோவின் மூக்கில் ஒரு ஈ உட்காரும் வரை.

அவர் மூக்கைச் சுளித்தார். ஈ நகரவில்லை. தலையை ஆட்டினார். பொறுக்க முடியாமல் ரகசியமாக, "தம்பி, மூக்கு... மூக்கு" என்றார். அழகுபாண்டி ஒரு கையை எடுத்துக் குத்துமதிப்பாக மேலே கொண்டுபோனான். அது ஹீரோவின் காதைப் பிடித்தது. பிறகு நெற்றியைத் தடவியது. பிறகு வாய்க்குள் போனது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த அன்னக்கொடி, நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

"ஏய், அது எம் மகன் கைடா! வெள்ளையடிச்சா எனக்குத் தெரியாதா? அந்தக் கைக்குத்தான் இருவத்தெட்டு வருசமா சோறு போட்டுக்கிட்டிருக்கேன்! எங்கடா எம் பிள்ளைய ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சிரிப்பு வெடித்தது. எழுநூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் தகரக்கூரை அதிரும் என்று அன்றைக்குத்தான் மேலூருக்குத் தெரிந்தது. ஜன்னலில் தொங்கியவர்களில் இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். அனந்தலக்ஷ்மி "கட்" சொல்ல வாய் திறந்தார், அவருக்கும் சிரிப்புதான் வந்தது. துணிக்குள் இருந்த அழகுபாண்டிக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது. இப்படியே மேடைக்கடியில் இறங்கி ஊர் போய்ச் சேர வழி உண்டா என்று பார்த்தான்.

சூர்யபிரகாஷ் ஜிப்பாவைத் தலைவழியாகக் கழற்றினார். பனியனோடு நின்றார். கறுப்புத் துணியை இழுத்து, அவன் தோளைப் பிடித்து எழுப்பினார். கருத்த முகமும் வெளுத்த கையுமாக அழகுபாண்டி எழுந்து நின்றதைப் பார்த்ததும் இன்னொரு சிரிப்பலை.

"அம்மா சொன்னது நிஜம்," என்றார் சூர்யபிரகாஷ் மைக்கில். "கை இவரோடது. பேரு அழகுபாண்டி. வழியில ஒரு எருமைப் பாட்டு வாசிச்சாரு. அதத்தான் நான் இங்க உக்காந்து கேக்கப்போறேன்."

அழகுபாண்டி அவர் காதருகில் குனிந்தான். "அண்ணே, எருமைக்குக் கால் வீங்கிருச்சு. நாடகம் போட ஆளில்ல."

"எருமைக்கு என்ன வேலை?"

"படுத்துக்கெடக்கணும். வால ஆட்டணும். கடைசியில எந்திரிக்கணும்."

"வசனம்?"

"இல்லண்ணே."

ஹீரோவின் முகம் பண்டிகைக்குப் புதுச்சட்டை கண்ட பிள்ளை மாதிரி மலர்ந்தது. "ஆர்மோனியம் கிடையாதுல்ல? குடுய்யா அந்தத் தலைய."

இப்படியாக, மூன்று படங்களில் நாயகனாக நடித்த சூர்யபிரகாஷ் மேலூர் மேடையில் எருமையாகப் படுத்தார். முதல் பாட்டு முழுக்க ஜனம் அந்த வாலையே பார்த்தது. வால் ஆடினால் விசில். இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். யாருமே பாட்டைக் கேட்கவில்லை.

மூன்றாவது, மைத்ரேயியின் பாட்டு. பரீட்சைக்குப் போக வேண்டிய ஒரு பெண் எருமையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, தனக்கும் இப்படி எங்கேயாவது படுத்துவிட ஆசைதான் என்று பாடுவாள். மைத்ரேயி அவசரப்படவில்லை. விசில் ஓயக் காத்திருந்து, ஓயாததால், கரும்பலகை முன் நின்று பார்க்கும் அதே பார்வையைக் கூட்டத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். மண்டபம் அடங்கியது. பிறகு பாடினாள். பாதிப் பாட்டில் எருமை வாலை ஆட்டியது. யாரும் விசிலடிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் எருமையைப் பார்த்து, "சும்மா கெடய்யா, பாட்டக் கேப்போம்" என்றார்.

அழகுபாண்டியின் கை வேர்த்து, கோதுமை நிறம் கரைந்து கட்டைகளில் ஒழுகியது. அவன் கவனிக்கவில்லை. கடைசிப் பாட்டில் எருமை எழுந்தபோது மண்டபமும் சேர்ந்து எழுந்தது. 'எந்திரி தாயி'யை எழுநூறு பேர் பாடினார்கள். எருமை சந்தோஷத்தில் எழுதாத ஓர் ஆட்டத்தையும் ஆடியது.

முடிந்ததும் அனந்தலக்ஷ்மி மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார். காமிரா ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையாம். "என் உச்சக் காட்சி இதுதான்பா. அந்தச் சோகப் பாட்டு வேண்டாம். உன் பாட்டு வேணும், உன் பேர்ல வேணும்."

"எங்க எல்லார் பேர்லயும் போடணும்," என்றாள் மைத்ரேயி. அவன் வாயைத் திறக்கும் முன்னால்.

"எம் மகன் மூஞ்சியும் வரணும்," என்றாள் அன்னக்கொடி.

இரண்டுக்கும் அனந்தலக்ஷ்மி தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு திருநகரில், மைத்ரேயியின் பள்ளிக்கூட அரங்கில், இரண்டாவது காட்சி. ஹீரோ இல்லை, காமிரா இல்லை. கால் சரியாகி சிவபாண்டியே எருமை. அன்று காலை முதலே அழகுபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. மேலூர்க் கூட்டம் யாருக்காக வந்தது என்று அவனுக்குத் தெரியும்.

நாலு மணிக்குத் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "நீயே பாத்துச் சொல்லு," என்றான்.

மைத்ரேயி எட்டிப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பேரு?"

"இப்ப ஆரம்பிக்க முடியாது பாண்டி."

"யாருமே வரலியா?"

"நாற்காலி பத்தல. பக்கத்துத் தெருவுக்குப் போயி அவங்கவங்க வீட்டு நாற்காலியத் தூக்கிட்டு வந்துக்கிட்டு இருக்காங்க. ஒருத்தர் சோபாவையே தூக்கிட்டு வாராரு. வாசல்ல மாட்டிக்கிச்சு."

அழகுபாண்டி ஓடினான், சோபாவின் ஒரு முனையைப் பிடிக்க.