மூணு தரம்

ஜெபசெல்வி மீன் ஏலம் விட்டால் ஏரிக்கு அந்தக் கரை வரை கேட்கும். பெற்ற மகளுக்கு மட்டும் கேட்காது. பிரின்சிக்கு மூன்று வயதில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். வெளியே தலையில் காந்தத்தோடு ஒட்டிக்கொள்ள ஒரு மெஷினும் கொடுத்தார்கள். மறுநாளே பேசிவிடுவாள் என்று ஊரே காத்திருந்தது. வருஷம் ஒன்று ஓடிப்போயிற்று. பிள்ளை வாயைத் திறந்தது சோற்றுக்குத்தான்.

“காது கேட்டா போதுமா? பேசக் கத்துக்கணும்மா,” என்றார் பொன்னேரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நிவேதா டீச்சர். “தினம் சொல்ற பேச்சைப் பாதியில நிறுத்திட்டு அவ முகத்தைப் பாருங்க. மீதிய அவ சொல்லட்டும்.”

ஜெபசெல்வி தினம் சொல்லும் பேச்சு ஒன்றுதான். மகளைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, “ஒரு தரம், ரெண்டு தரம்” என்பாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்ப்பாள். ஐஸ் உருகும். “யக்கா, மீனு நாறுது, முடிக்கா,” என்பார்கள் வியாபாரிகள். பிரின்சி ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். கடைசியில் ஜெபசெல்வியே சொல்லி முடிப்பாள். இந்த வாயில் பேச்சு வராமலே போய்விடுமோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த கூடையை இழுப்பாள்.

ஒன்று சொல்ல வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் யாராவது விலையை ஏற்றிக் கேட்பார்கள், அதில் நஷ்டமில்லை. ஆனால் மூணு தரம் என்று சொல்லிவிட்டால் சரக்கு கைமாறியதாகக் கணக்கு. அப்புறம் விலையைத் தொடக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

அன்றைக்கு ஏலத்தில் இருந்தது அவள் புருஷன் பெலிக்ஸ் பிடித்த வெள்ளை இறால். வியாபாரி கோதண்டம் வழக்கம்போல அடிமாட்டு விலையில் ஆரம்பித்தான். யாராவது ஏற்றுவார்கள் என்ற தைரியத்தில், “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று ஜெபசெல்வி நிறுத்தினாள்.

“மூணு தயம்,” என்றாள் பிரின்சி.

கரையில் எல்லோரும் பிரின்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“முடிஞ்சிச்சு. சரக்கு என்னுது,” என்றான் கோதண்டம். அவனுக்குக் காரியத்தில்தான் கண்.

“கொயந்த சொல்றதெல்லாம் ஒரு பேச்சா? செல்லாதுபா!” என்று மற்றவர்கள் எகிறினார்கள்.

ஜெபசெல்விக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செல்லாது என்றால் இறாலை நல்ல விலைக்கு விற்கலாம். ஆனால் மகள் சொன்னது பேச்சில்லை என்றும் ஆகிவிடும்.

“எம் பொண்ணு சொன்னா சொன்னதுதான். எடுத்துனு போ,” என்றாள்.

படகைக் கட்டிவிட்டு அப்போதுதான் வந்த பெலிக்ஸிடம் நடந்ததைச் சொன்னார்கள். விலையையும் சொன்னார்கள். அவன் படகுக்குத் திரும்பிப் போய், வீட்டுக் குழம்புக்கென்று எடுத்து வைத்திருந்த நண்டுகளைக் கொண்டுவந்து கோணி மேல் கொட்டினான்.

“இதையும் ஏலம் வுடு, செல்வி,” என்றான். “அவ பேசி நான் இன்னும் கேக்கலியே.”