மாடிப்படியில் தையல் மிஷின்

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், தையல்காரியின் கணவனிடம் நேராகவே சொன்னார். "இவங்க சிகரெட்டைத் தொட்டதே இல்ல. உங்க புகைதான் இவங்க நுரையீரலைக் கெடுக்குது. வீட்டுக்குள்ள பிடிக்காதீங்க."

வீடு திரும்பியதும் அவன் ஜன்னலோரம் நின்று பற்றவைத்தான். "வெளியதானே ஊதறேன்," என்றான்.

மறுநாள் அவள் மிஷினை இழுத்துப் போய் மாடிப்படித் திருப்பத்தில் போட்டாள்.

"படிக்கட்டையே கடையாக்கிட்டியா?" என்று மேல்வீட்டு அக்கா சிரித்தாள்.

"உள்ள வெளிச்சம் பத்தலக்கா."

இருமல் குறைந்தது. ஆனால் சொந்த வீட்டிலிருந்து துரத்திவிட்டது போல மனசு கனத்தது.

சாயங்காலம் கணவன் இரண்டு டம்ளர் டீயோடு வந்து படியில் உட்கார்ந்தான். "நீ இல்லாம உள்ள போரடிக்குது," என்றான். அவளுக்கு அது பிடித்திருந்தது. அப்போது அவன் சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்தான்.

"இதுக்கு மேல எனக்குப் போக இடமில்லைங்க." என்றாள் அவள்.

அவன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் புகை வாடை வந்தது. உள்ளே மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரி போய்க் கதவை அகலத் திறந்தாள். "பிடிக்கணும்னா நீங்க தெருவுக்குப் போங்க. நாங்க வீட்டுல இருக்கோம்."

அவன் அவளை முறைத்துவிட்டுப் படியிறங்கினான். தாயும் மகளும் சேர்ந்து மிஷினை உள்ளே தள்ளிவந்தார்கள். அவன் எந்த முகத்தோடு திரும்புவானோ என்று பயந்துகொண்டே தாய் எல்லா ஜன்னல்களையும் திறந்தாள்.