எடிட்டர் பார்க்கும் படலம்

அந்த ஆபீஸில் இரண்டே மேஜைகள். ஒன்று அக்காவுடையது. போன் பேசுவது, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவது, வருகிறவர்களிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் அவள் பாடு. இன்னொன்று தம்பியுடையது. ப்ரோகிராம் எழுதுவது அவன் வேலை. எழுதுகிறானா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எதில் எழுதலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் இலவசம். எத்தனையோ வகை. புத்தியுள்ளவன் ஒன்றைப் போட்டுக்கொண்டு பிழைப்பைப் பார்ப்பான். இந்த மகராசனோ ஒன்றைப் போடுவான், அதன் வாசனை தெரிவதற்குள் அழித்துவிட்டு அடுத்ததைப் போடுவான். டெஸ்க்டாப்பில் ஐகான் இருந்தால் அது குழந்தைகளுக்காம். மெனு இருந்தால் கேவலமாம். மவுஸைத் தொடுகிறவன் மனுஷனே இல்லையாம். எடிட்டர் கதை இன்னும் மோசம். ப்ரோகிராமை டைப் அடிக்கிற ஒரு சமாசாரம், அதற்கு என்ன அலட்டல்! ஒன்று கனமாம், ஒன்று மெதுவாம், இன்னொன்றைத் திறந்துவிட்டால் மூடுவதற்கே தனியாகப் படிக்க வேண்டுமாம், அதுதான் அதன் பெருமையாம்! ஒருநாள் அவன் இல்லாதபோது ஒரு கடிதத்தை பிரிண்ட் எடுக்க அக்கா அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வெறும் கறுப்புத் திரை, க்ளிக் செய்ய ஒரு பொட்டு இடமில்லை. தலையில் அடித்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு நடந்தாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா. டூல் சரியா இருந்தாதான் வேலை ஓடும்" என்பான்.

"வேலை ஓடிப்போயிடுச்சுடா. நீ டூலைத் தடவிக்கிட்டு இரு" என்பாள்.

வாயாடுவதற்கு இது நேரமும் இல்லை. இருந்த ஒரு வாடிக்கையாளரும் கழன்றுகொண்டாயிற்று. ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிற ஒரு அம்மாளை அக்கா நாயாய் அலைந்து பிடித்திருந்தாள். அவர்களுடைய பழைய ப்ரோகிராம் ஆமை வேகத்தில் ஓடுகிறதாம், புதிதாக வேண்டுமாம். காட்டுங்கள், பிடித்தால் எல்லாக் கிளைக்கும் உங்களுடையதுதான் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டு, இருந்த வேலையை இந்தத் தம்பியை நம்பி விட்டு வந்த அக்கா, நாற்பத்தாறு வயதில் மறுபடி வேலை தேடிப் படியேற வேண்டும்.

ஆச்சரியம் பாருங்கள், இந்த முறை அவன் எழுதிவிட்டான். பரிசோதனை முடிவைப் போட்டதும் அளவு மீறிய எண் சிவப்பாக வந்ததை அக்கா தன் கண்ணால் பார்த்தாள். அன்று அவளே அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள்.

அந்த அம்மாள் வரவேண்டிய காலையில் அக்கா ஆபீஸுக்குள் நுழைந்தபோது தம்பியின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. திரை மட்டும் பளபளவென்று இருந்தது. மலை, பனி, மூலையில் அழகான ஒரு கடிகாரம்.

"என்னடா இது, புதுசா இருக்கு?"

"வர்றவங்களுக்குப் பழைய டெஸ்க்டாப்ல காட்டினா அசிங்கமா இருக்கும்னு நேத்து முழுசா அழிச்சுட்டுப் புது லினக்ஸ் போட்டேன்கா."

"சரி, ப்ரோகிராமைத் திற."

அவன் திறக்கவில்லை. "செட்டிங்ஸ் எல்லாம் பத்திரமா இருக்குக்கா. கலர், ஷார்ட்கட், எழுத்தோட சைஸ், ஒண்ணுகூடப் போகல. மூணு எடத்துல பேக்கப் வெச்சிருந்தேன்."

"ப்ரோகிராம் எங்கடா?"

"ஹோம் ஃபோல்டர் சுத்தமா இருக்கணும்னு அதைத் தற்காலிக ஃபோல்டர்ல போட்டிருந்தேன். அதை பேக்கப் எடுக்கணும்னு தோணல."

"இன்டர்நெட்ல ஒரு காப்பி ஏத்தி வைன்னு சொன்னேனே!"

"எந்த சைட்ல ஏத்தறதுன்னு இன்னும் முடிவு பண்ணலக்கா."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோபமாக இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். இவனை உடன்பிறப்பென்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தார்.

"அழகா இருக்கே. எங்க, ரிப்போர்ட்டைக் காட்டுங்க."

"இல்லைங்க மேடம். இருந்துச்சு, இவன் அழிச்சுட்டான்" என்றாள் அக்கா. பூசி மெழுகுவதற்கு அவளிடம் தெம்பில்லை.

அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார். "அப்ப நான் பழைய கம்பெனிக்காரங்ககிட்டயே சொல்லிச் சரி பண்ணிக்கறேம்மா. ஆமையா இருந்தாலும் அவங்க ப்ரோகிராம் ஓடுது."

தம்பி அவசரமாகக் குறுக்கே வந்தான். "மேடம், பத்து நாள் குடுங்க, மறுபடி எழுதிடறேன். அக்கா, இந்த தடவை வேற ஒரு எடிட்டர்ல ஆரம்பிக்கட்டுமா? அதுல வேகமா..."

அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம், அந்தப் பழைய கம்பெனிக்காரங்க நம்பர் குடுக்கறீங்களா?"

"எதுக்கும்மா?"

"வேலை கேட்கத்தான்."

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், அவனையும் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்குமா?"

"எனக்கு மட்டும்" என்றாள் அக்கா.